கித்தாரின் கழுத்தில் ஒரு துளை

எழுதுதற்குரிய பெரும்பொருள்கள் பல இருக்க, 8 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு துளையைப் பற்றி எழுத யாம் துணிந்தது நேயர்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். புல்லாங்குழலின் துளையாயின் அதிலிருந்து இசை பிறக்கின்றது. ஊசியின் துளையாயின் அதில் நூல் செல்கின்றது. யாம் கூறப் புகுந்த துளையோ இவ்விரண்டனுள் ஒன்றும் செய்வதன்று. கித்தார் என்னும் வாத்தியத்தின் கழுத்தும் தலையும் கூடுமிடத்தில், ஒரு சிறு மூடியின்கீழ் அது மறைந்து கிடப்பது. வாசிப்போர் ஆண்டுக்கு இருமுறை அதனை நினைத்தால் அதிகம். கேட்போர் ஒருகாலும் நினையார். எனினும் அவ்வொரு துளையை இடப்போய் யாம் பட்ட பாடும், அதனால் அறிந்த அறிவும், வகுப்பறையில் பல ஆண்டுகள் நின்றும் எமக்குக் கிட்டாதவை. ஆதலின் அவற்றை ஒளியாது இங்கு உரைக்கின்றோம்.

எம் தகப்பனாரிடம் ஒரு கித்தார் உண்டு. அவர் வாலிபராயிருந்த காலத்தில் வாங்கியது. எங்கள் கிராமத்து ஆலயத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்பிக்கவும், கிறிஸ்து பிறப்புக் காலத்தில் இரவுதோறும் வீடு வீடாகச் செல்லும் பாடற் பவனியில் வாசிக்கவும் அதுவே அவர்க்குத் துணை. தோளில் கித்தாரும் கழுத்தில் கம்பளித் துண்டுமாய் அவர் முன்னே நடக்க, சிறுவராயிருந்த யாம் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னே சென்றது இன்றும் எம் கண்முன் நிற்கின்றது.

ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வாத்தியத்தின் கழுத்து வில்லைப்போல் முன்னோக்கி வளைந்தது. வளைவு சிறிதாயினும் அதனால் விளைந்த துன்பம் பெரிது. தந்திகளுக்கும் மெட்டுகளுக்கும் உள்ள இடைவெளி, பன்னிரண்டாம் மெட்டின்மேல் ஏறக்குறைய 2½ மி.மீ. இருப்பது நன்று, அவருடைய கித்தாரிலோ 5 மி.மீ. ஆகிவிட்டது. இளைஞர் விரலுக்கே அது கடினம். மூட்டுவாதத்தால் வீங்கிய விரல்களுக்கு அது தண்டனை. ஒருநாள் அவர் அதனைத் துடைத்து, உறையிலிட்டு, அலமாரியின்மேல் வைத்துவிட்டு, "இனி இது எனக்கு எட்டாது, தம்பி" என்றார். எட்டாதது உயரத்தினால் அன்று என்பது எமக்குத் தெரியும். அடுத்த கிறிஸ்து பிறப்புக்குள் அதனை அவர் கைக்கு எட்டச் செய்வதென்று யாம் அன்றே உறுதி கொண்டோம்.

கழுத்து ஏன் வளைந்தது? உருக்குத் தந்திகள் ஆறையும் சுருதிக்கு ஏற்றியபின், அவை யாவும் சேர்ந்து இழுக்கும் வலிமை ஏறக்குறைய 70 கிலோகிராம். வளர்ந்த ஆடவன் ஒருவன் இரவும் பகலும் இறங்காமல் அக்கழுத்தைப் பற்றி இழுத்துக்கொண்டிருக்கின்றான் என்று எண்ணிக்கொள்க. அங்ஙனம் இழுக்கப்படும் மரமோ, மெட்டுப் பலகையை நீக்கினால், எலும்புப் படியின் அருகில் 15 மி.மீ. கனமே உடையது. (தலையின் பக்கத்தில் தந்திகள் தங்கிச் செல்லும் வெண்ணிறத் துண்டையே எலும்புப் படி என்கின்றோம்.) கையில் அடங்கவேண்டுமாதலின் கழுத்தைத் தடிப்பாக்கவும் இயலாது. நைலான் தந்தி பூட்டிய கித்தாரில் இழுப்பு 40 கிலோகிராம் அளவே. அதன் கழுத்தும் அகலமும் தடிப்புமாயிருத்தலின் வேறு துணையின்றி அது பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும். உருக்குத் தந்திக்கோ அகத்தே ஒரு முதுகெலும்பு வேண்டும்.

அம்முதுகெலும்பைக் கண்டவர் அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்துக் கலமசூ நகரில் கிப்ஸன் கம்பெனியில் தொழில் புரிந்த தாடியஸ் மக்ஹியூ என்பவர். 1921-இல் அவர் விண்ணப்பித்து 1923-இல் காப்புரிமை பெற்ற அமைப்பை இக்காலத்தார் 'டிரஸ் ராட்' என்பர். கழுத்தின் உள்ளே நீளவாட்டில் ஒரு பள்ளம் தோண்டி, அதில் உருக்குக் கம்பி ஒன்றைப் பதித்து, அதன்மேல் மெட்டுப் பலகையை ஒட்டிவிடுவர். கம்பியின் ஒரு நுனியில் மரையுண்டு. அதனை முறுக்கினால் கம்பி இறுகித் தந்திகள் இழுக்கும் திசைக்கு மாறாகக் கழுத்தைத் தள்ளும். தளர்த்தினால் தந்திகளின் இழுப்புக்குக் கழுத்தை விட்டுக்கொடுக்கும். இங்ஙனம், செய்து முடித்த வாத்தியத்தையும் பின்னர்த் திருத்திக்கொள்ளுதற்கு வழி பிறந்தது.

இவ்வழியை எல்லாரும் உடனே ஏற்றனர் என்று எண்ணற்க. 1833-இல் தொடங்கப்பெற்றுப் பென்சில்வேனியாவின் நாசரேத் என்னும் ஊரில் நிலைபெற்ற மார்ட்டின் குடும்பத்தார், கித்தார் செய்வதில் பெரும்புகழ் உடையவர். நம் தென்பாண்டி நாட்டிலும் அப்பெயருடைய மிஷன் ஊர் ஒன்று இருத்தலால், அவர்களைப்பற்றிப் படிக்கும்போதெல்லாம் எமக்கு ஓர் உறவுணர்ச்சி தோன்றுவதுண்டு. அவர்கள் 1934 முதல் கழுத்தினுள் உருக்குப் பட்டையொன்றை அசையாமற் பதித்தனர். இரண்டாம் உலகப்போரில் உருக்கு அரிதானபோது அதற்கு ஈடாகக் கருங்காலியை வைத்தனர். முறுக்கித் திருத்தத்தக்க கம்பியை 1985-இல்தான் கைக்கொண்டனர். அதுவரை அவர்கள் நம்பியது செய்நேர்த்தியையே. நன்றாய்ச் செய்த கழுத்துக்குத் திருத்தம் எதற்கு என்பது அந்நம்பிக்கையின் உட்பொருள். அது வீண்பெருமையும் அன்று. அவர்களுடைய பழைய வாத்தியங்கள் பல இன்றும் இனிமையாய் ஒலிக்கின்றன. ஆயினும் அவற்றுள் ஒன்று வளைந்துவிட்டால், மெட்டுகளைப் பிடுங்கி, அடித்தண்டு தடித்த வேறு மெட்டுகளை அறைந்து, அவற்றின் நெருக்கத்தால் மரத்தை நிமிர்த்தவேண்டியிருந்தது. ஒரு சாவியைக் கால்வட்டம் திருப்பி முடிக்கும் வேலைக்கு ஒரு பெருஞ்சிகிச்சை!

தகப்பனாருடைய கித்தாரின் கழுத்தினுள் கம்பி எதுவும் இல்லை. அதன் உடலோ ஒரு வெடிப்புமின்றி நன்றாயிருந்தது. ஆகவே பழைய கழுத்தை நீராவியால் இளக்கி எடுத்துவிட்டுப் புதியதொரு கழுத்தைக் கம்பியுடன் செய்து பொருத்துவதென்று தீர்மானித்தோம். எம் தெருவில் மரப்பட்டறை வைத்திருக்கும் முதிய ஆசாரியார், முப்பது ஆண்டுகளாய்ப் பரணில் காய்ந்து கிடந்த மகாகனிக் கட்டையொன்றை எடுத்துத் தட்டி ஓசை பார்த்து, "இதுபோல் இன்னொன்று என்னிடம் இல்லை, வாத்தியாரையா, பார்த்துச் செய்யுங்கள்" என்று கூறித் தந்தார். விலை வாங்க மறுத்துவிட்டார். தம் பேரப்பிள்ளைகள் எம் தகப்பனாரிடம் பாடக் கற்றவர்கள் என்பது அவர் சொன்ன காரணம்.

இனித் துளையின் வரலாற்றுக்கு வருவோம். மரையுள்ள நுனியைச் சாவி சென்று தொடவேண்டுமாயின் அதற்கொரு வாயில் வேண்டுமன்றோ? அவ்வாயிலை வைக்க இடங்கள் இரண்டு. ஒன்று உடலின் பக்கம். மற்றொன்று தலையின் பக்கம். மார்ட்டின் கித்தார்களில் ஒலித்துளையின் வழியே சாவியை உள்ளே செலுத்தித் திருப்புவர். 1950-இல் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் என்பவர் வெளியிட்ட மின்கித்தார் வகையிலும் முறுக்குமிடம் உடலின் பக்கமே அமைந்தது. ஆனால் அதனை எட்டுதற்குக் கழுத்தையே தளர்த்தவோ கழற்றவோ வேண்டும். மக்ஹியூவின் அமைப்பில் வாயில் தலையின்மேல், எலும்புப் படியை அடுத்து இருக்கின்றது; ஒரு சிறு மூடியை நீக்கினால் போதும். எட்டுதற்கு எளிது இதுவே.

எளிமைக்கு ஒரு விலையுமுண்டு. கித்தாரின் தலை கழுத்தின் நேரே நில்லாமல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். யாம் மேற்கொண்ட சாய்வு 15 பாகை. சாயுமிடத்தில் மரத்தின் நரம்புகள் குறுக்கே அறுபட்டு நிற்றலால் அதுவே கழுத்து முழுவதிலும் நலிந்த இடம். நலிந்த அவ்விடத்திலேயே வாயிலையும் குடைகின்றோம். கீழே விழும் கித்தார்களிற் பல அந்த மூலையிலேயே முறிதற்கு இதுவும் ஒரு காரணம். சிலர் இதனைக் கருதி அங்குப் பின்புறத்தில் சிறிது மரத்தைக் கூடுதலாய் விட்டுப் பிடரியைத் தடிப்பாக்குவர். ஒலித்துளைப் பக்கமே வைத்திருக்கலாகாதா எனின், அதற்குப் பழைய உடலின் உட்கட்டைகளைத் துளைக்கவேண்டும். நன்றாயிருக்கும் உடலைத் தொட எமக்கு மனம் வரவில்லை. ஆகவே தலைப்பக்கத்தையே தெரிந்துகொண்டோம்.

அளவுகளைக் காகிதத்தில் வரைந்தோம். கம்பியின் பள்ளம் 6 மி.மீ. அகலமும் 10 மி.மீ. ஆழமும் உடையது, எலும்புப் படி வரை வாராமல் அதற்குச் சிறிது முன்னரே அது நின்றுவிடும். பள்ளத்தை அப்படியே தலைவரை கொண்டுசென்றால் படியின் கீழே வெற்றிடம் உண்டாகி அது நிலைகொள்ளாது. ஆதலின் தலையின் முகத்திலிருந்து, படியின் அடியில் ஒரு மெல்லிய மரப்பாலத்தை விட்டு, 8 மி.மீ. துளையொன்றை நேரே செலுத்திப் பள்ளத்தோடு கூட்டவேண்டும். மலையைக் குடைந்து மறுபக்கத்துச் சாலையோடு சேர்க்கும் சுரங்கவழி போன்றது இது. துளையின் அடிவிளிம்பு மேல்முகத்திலிருந்து 10 மி.மீ. ஆழத்தில் அமையும். கழுத்தைச் செதுக்கி முடித்தபின் கனம் 15 மி.மீ. ஆதலின், துளைக்கும் வாசிப்போர் கட்டைவிரலுக்கும் இடையே 5 மி.மீ. மரம் எஞ்சும். கணக்கில் ஒரு குறையுமில்லை.

கணக்கு காகிதத்தில் இருந்தது. துளை மரத்தில் இடவேண்டியிருந்தது. துளையூசி சமதளத்தில் இறங்குவதுபோல் சரிவில் இறங்காது. நுனி பற்றுமுன் வழுக்கும். அன்றியும், தலை சாய்ந்திருத்தலால் ஊசி நீளமாயிருந்தாலன்றி, பட்டறையில் டிரில் மிஷின் என வழங்கும் மின்துறப்பணத்தின் வாய் தலையின்மேல் இடிக்கும். ஆசாரியார் இதனைக் கண்ட மாத்திரத்தில் அறிந்து, "ஓரடிப் பிட் ஒன்று வாங்கிவாருங்கள், அதுவரை கட்டையைத் தொடாதீர்கள்" என்றார். கடைத்தெருவில் யாம் தேடியபோது கிடைத்தது அரையடியே. நீளமானது வர ஒரு வாரம் செல்லும் என்றனர். அப்பொழுது நவம்பர் பிறந்துவிட்டது. பவனிக்கு ஆறு வாரமே இருந்தது. பதறாத காரியம் சிதறாது என்று மாணவர்க்கு நூறுமுறை எழுதிப்போட்ட எம் கை, அன்று அரையடிப் பிட்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியது.

ஆசாரியார் உணவுக்குச் சென்றிருந்த நேரம் பார்த்துக் கட்டையைப் பட்டறை மேசையில் இறுக்கித் துளையிடத் தொடங்கினோம். நுனி முதலில் சற்று வழுக்கிப் பின் பற்றிக்கொண்டது. மரத்தூள் சுருள் சுருளாய் வெளிவர, மகாகனியின் மணம் எழுந்தது. எம் மனமும் உடன் எழுந்தது. ஊசி உள்ளே செல்லச் செல்ல, துறப்பணத்தின் வாய் சாய்ந்த தலையின்மேல் வந்து உரசியது. உரசுகின்றதே என்று அதனைச் சற்று மேலே தூக்கிப் பிடித்தோம். ஏற்றமரத்தின் ஒருபுறம் எழும்பினால் மறுபுறம் தாழும் என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். வெளியே கை நாலைந்து மில்லிமீட்டர் எழும்ப, உள்ளே ஊசியின் நுனி தாழ்ந்துகொண்டே சென்றது. அதுவும் போதாதென்று, பள்ளத்தைத் தொட்டவுடன் நிறுத்தாமல், வழி நன்றாய்த் திறக்கட்டும் என்று முதல் மெட்டின் இடம்வரை ஓட்டிவிட்டோம்.

ஊசியை எடுத்துப் பார்த்தபோது பள்ளத்தின் தரையில் பிறைவடிவாய் ஒரு குழி தெரிந்தது. ஊசி தரையையும் தோண்டிக்கொண்டு கீழிறங்கியதன் அடையாளம் அது. யாம் அதனைக் காணவில்லை என்று சொல்ல இயலாது, கண்டோம். கட்டை அப்போது 25 மி.மீ. கனமாயிருந்ததனால் பின்புறத்தில் ஒன்றும் தெரியவில்லை. உணவு முடிந்து வந்த ஆசாரியார் பள்ளத்தில் விரலை வைத்துத் தடவி, "தரை இறங்கியிருக்கிறதே, வாத்தியாரையா, அடியில் எவ்வளவு மிச்சம் நிற்கும் என்று அளந்தீர்களா?" என்று கேட்டார். "மேலே பலகை வந்து மூடிவிடும், அண்ணாச்சி, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றோம். அவர் ஒன்றும் சொல்லாமல் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பத்து நாட்கள் கழிந்தன. மெட்டுப் பலகையை ஒட்டுமுன் கழுத்தின் முதுகைச் செதுக்கத் தொடங்கினோம். உளியால் கரடு நீக்கி, அரத்தால் அராவி, கைக்குப் பொருந்தும் வளைவு உருவாகிக்கொண்டு வந்தது. இடையிடையே இடக்கையால் பற்றிப் பார்ப்பதும், தகப்பனாரின் கைக்கு இது போதுமா என்று எண்ணிக்கொள்வதும் இன்பமாயிருந்தன. 15 மி.மீ.க்கு இன்னும் சிறிது இருக்கையில், முதல் மெட்டுக்கு நேரே, கட்டைவிரல் தங்கும் அந்த இடத்தில், கடுகளவாய் ஒரு கரும்புள்ளி தோன்றியது. மரத்தின் மறு என்று எண்ணி இன்னும் இருமுறை அராவினோம். கடுகு மிளகாயிற்று. கட்டையைத் திருப்பிப் பள்ளத்தின்மேல் விளக்கைப் பிடித்தோம். புள்ளியின் வழியே ஒளி வந்து எம் உள்ளங்கையில் விழுந்தது.

அந்த ஒளியைப்போல் எம்மை இருளடையச் செய்தது பிறிதொன்றில்லை. இதுபோல் இன்னொன்று இல்லை என்று தரப்பட்ட கட்டை! விலை பெறாது தரப்பட்ட கட்டை! நாள்தோறும் பிறர் விடைத்தாள்களில் சிவப்பு மையால் வட்டமிடுகின்ற யாம், எம் பிழையின்மேல் ஒருவர் விரலை வைத்துக் காட்டியபோது பலகை மூடிவிடும் என்று சொன்னோம். பிழை செய்ததைக் காட்டிலும் அச்சொல்லே அன்றிரவு எம்மை உறங்கவொட்டாது செய்தது.

மறுநாட் காலையில் கட்டையை எடுத்துக்கொண்டுபோய் ஆசாரியார்முன் வைத்து நடந்ததைச் சொன்னோம். கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் கண்ணாடியை அணிந்துகொண்டு நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாம் மூடிவிடலாம், வாத்தியாரையா, மரம் மூடுமா?" என்று மட்டும் கூறினார். பின்பு, "அழுவதற்கு ஒன்றுமில்லை. பலகை ஒட்டுமுன் வெளியே வந்ததே, அது கர்த்தர் கிருபை. உட்காருங்கள்" என்று தம் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டார்.

பழுது பார்த்த முறையைச் சற்று விரிவாய்க் கூறுவது கைத்தொழிலில் விருப்பமுள்ள மாணவர்க்குப் பயன்படும். முதலில், தாளைப்போல் மெலிந்துபோன இடத்தைத் துளியும் இரங்காமல் வெட்டி நீக்கினார். நலிந்ததை விட்டுவைத்து ஒட்டினால் ஒட்டு நில்லாது என்பது அவர் கூறிய விதி. வெட்டிய இடத்தைப் படகின் வடிவாய் இருபுறமும் கூராகச் செய்து, அதே கட்டையின் வெட்டுத்துண்டில், நரம்பு ஓடும் திசை மாறாதபடி, அதற்கிசைந்த ஆப்பொன்று செதுக்கினார். வட்டத் துண்டைக் காட்டிலும் படகுவடிவத் துண்டில் பக்கநரம்போடு பக்கநரம்பு ஒட்டும் இடம் அதிகம். ஒட்டின் வலிமை அங்கேயே உள்ளது. உள்ளே கோணலாய்ச் சென்ற துளையையும் உருண்டைக் கட்டையொன்றால் முழுவதும் அடைத்தார். காய்ச்சிய வச்சிரம் பூசி, கிளாம்பு போட்டு, இரண்டு நாள் அதனை ஒருவரும் தொடலாகாது என்று கட்டளையிட்டார்.

மூன்றாம் நாள் ஓரடிப் பிட் வந்து சேர்ந்தது. ஆயினும் உடனே துளைக்க அவர் விடவில்லை. ஈட்டிமரத் துண்டொன்றில், நிறுத்திவைத்த துளையெந்திரத்தில், செம்மையான நேர்த்துளை இட்டார். அத்துண்டின் அடியைத் தலையின் சாய்வாகிய அதே 15 பாகையில் அறுத்து, மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்துத் தலையின்மேல் கிளாம்பால் இறுக்கினார். இப்பொழுது ஊசி சரிவைக் காண்பதில்லை. ஈட்டிமரத்தின் நேர்வழியையே காண்கின்றது. எவ்வளவு ஆழம் செல்லவேண்டுமோ அவ்வளவில் ஊசியைச் சுற்றி ஒரு நாடாவை ஒட்டினார். முதலில் 3 மி.மீ., பின்பு 6, பின்பு 8 என்று மூன்று முறையாய்த் துளையை வளர்க்கச் சொன்னார். விரலளவு சென்றதும் ஊசியை வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிடவேண்டும். தூள் அடைத்தால் ஊசி சூடாகித் தன் வழியை விட்டு விலகும். துறப்பணத்தை எம் கையிலேயே கொடுத்தார். "நான் துளைத்தால் துளைதான் சரியாகும்" என்றார். அச்சொல்லின் பொருள் எமக்கு வீடு திரும்பும் வழியில்தான் விளங்கியது.

துளை பள்ளத்தின் வாயில் சரியாய் வந்து திறந்தது. நேரான கம்பியொன்றைத் தலைப்பக்கமிருந்து செலுத்தினோம். பள்ளத்தின் நடுவே, தரையையும் விளிம்பையும் தொடாமல், அது நீண்டு கிடந்தது. உட்கம்பியை இட்டு, 4 மி.மீ. ஆலன் சாவியைத் துளைவழியே விட்டுத் திருப்பினோம். தடையின்றித் திரும்பியது. ஒரு சாவி திரும்பியதற்கு இத்துணை மகிழ்ச்சியா என்று நேயர்கள் நகைப்பாராயின், யாமும் உடன் நகைப்போம்.

ஆனால் அவ்வாண்டுப் பவனிக்குக் கித்தார் போகவில்லை. ஒரு வாரத்தை மிச்சம் பிடிக்கப்போய் இரண்டு மாதத்தை இழந்தோம். தகப்பனார் வெறுங்கையோடு பவனியில் நடந்தார். பாட்டுக்குத் தாளமாய்த் தம் கைகளை மெல்லத் தட்டிக்கொண்டார். யாம் அவர் பின்னே நடந்தோம். பிப்ரவரி மாதம் பலகை ஒட்டி, மெட்டுகள் அறைந்து, கழுத்தை உடலோடு பொருத்தி, தந்திகளை ஏற்றினோம். முதல் மெட்டிலும் பதினான்காம் மெட்டிலும் தந்தியை அழுத்திக்கொண்டு, நடுவில் ஏழாம் மெட்டுக்கும் தந்திக்கும் இடையே ஒரு தடித்த முகவரிச் சீட்டு நுழையும் அளவு, அஃதாவது ஏறக்குறைய கால் மில்லிமீட்டர், இடைவெளி இருக்குமாறு சாவியைத் திருப்பி அமைத்தோம். கழுத்து அறவே நேராயிருத்தலும் ஆகாது. அதிரும் தந்திக்கு இடம் வேண்டுதலின் ஓர் இம்மி வளைவு இருத்தல் வேண்டும். உயிர்த்தெழுந்த திருநாளின் விடியற்காலை ஆராதனையில் தகப்பனார் அதனை வாசித்தார். அவர் கட்டைவிரல் அந்தப் படகுவடிவத் துண்டின்மேலேயே தங்கியிருந்தது. உற்றுப் பார்த்தாலன்றி அது தெரியாது. அவரிடம் யாம் காட்டினோம்.

அதன்பின் அக்டோபரில் அடைமழை பிடித்தது. காற்றின் ஈரத்தால் மரம் சற்று அசைய, சில மெட்டுகளில் தந்தி இரைந்தது. தகப்பனார் கித்தாரை எம்மிடம் நீட்டி, "மறுபடியும் கெட்டுவிட்டதா, தம்பி?" என்று கவலையோடு கேட்டார். மூடியை நீக்கி, சாவியை அவர் கையிலேயே கொடுத்து, எந்தப் பக்கம் திருப்பவேண்டுமென்று காட்டினோம். கால்வட்டம் திருப்பினார். இரைச்சல் நின்றது. "இவ்வளவுதானா!" என்றார். ஆம், இவ்வளவுதான். இவ்வளவாக ஆவதற்காகவே அவ்வளவும்.

நம் நாட்டு வீணையைச் செய்தவர்கள் இவ்வுண்மையைத் தம் வழியில் அறிந்திருந்தனர். வீணையின் மெட்டுகள் இருபத்துநான்கையும் மரத்தில் அறையாமல் கருமெழுகில் பதித்தனர். மெழுகு இளகும், சுருதி பிறழும், அப்போது மெழுகை இளக்கி மெட்டுகளை மீண்டும் அமைத்துக்கொள்வர். கலமசூவில் உருக்குக் கம்பியால் செய்ததை அவர்கள் மெழுகால் செய்தனர். நெடுநாள் பயன்படவேண்டிய எப்பொருளும், பின்னர் ஒருநாள் திருத்தப்படுதற்கு ஓர் இடத்தைத் தன்னிடத்தே வைத்துக்கொள்ளவேண்டும் போலும்.

அவ்விடம் பெரிதாயின் பொருள் முறியும். கண்டவர் கையெல்லாம் நுழைய இடங்கொடுத்த கழுத்து நில்லாது. அறவே இல்லையாயின் வளைவு வந்தபோது வழியில்லை. கோணலாயின், திறந்த வழியே அழிவுக்கும் வழியாகும். ஒரு சாவி நுழையும் அளவாய், நேராய், வேண்டும்போது திறக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். இது மரத்துக்கு மட்டும் உரிய விதியன்று என்பதை எம் மாணவ நண்பர்களுக்கு யாம் சொல்லவேண்டுவதில்லை. சொல்லவேண்டியது எமக்கு யாமே. ஆசிரியர் என்னும் பெயரைப் பூண்டு, பிறரைத் திருத்தியே பழகிய யாம், எம்மைத் திருத்த வரும் விரலுக்கு ஓர் 8 மி.மீ. வழியேனும் விட்டிருந்தோமா?

அரையடிப் பிட் இன்னும் எம் மேசைமேல் கிடக்கின்றது. விடைத்தாள்களைத் திருத்த அமரும்போதெல்லாம், காற்றில் பறவாதபடி அவற்றின்மேல் அதனை வைக்கின்றோம்.